கை அறியாக் கணக்கு கருத்தில் நில்லாது!

பதினைந்து அகவையில் ஒரு சிறுவனோ சிறுமியோ ‘எனக்குக் கணக்கு வாராது’ என்று முடிவு கட்டிவிட்டால், அம்முடிவு ஒரு பாடத்தைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பொறியியலும், கட்டடக் கலையும், நில அளவையும், வானியலும், கடற்செலவும் ஆகிய பல வாயில்கள் அன்றே அப்பிள்ளைக்கு அடைபட்டு விடுகின்றன. பெரும்பாலும் அக்கதவை அடைப்பது எந்தப் பாடம் என்று பார்த்தால், ஒன்பதாம் வகுப்பில் அரும்பிப் பத்தாம் வகுப்பில் விரிந்து மேனிலை வகுப்புகளில் தழைக்கின்ற முக்கோணவியலே அது.

அப்பாடம் உள்ளபடியே கடுமையானதா? அன்று! ஒரு செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களுள் இரண்டிரண்டை எடுத்து, ஒன்று மற்றொன்றில் எத்தனை பங்கு என்று பார்ப்பதே முக்கோணவியலின் வேர். சந்தையில் காய் வாங்கும் சிறுமிக்கும் பங்கு தெரியும். மரமேறும் சிறுவனுக்கும் சாய்வு தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்துத் தெரியாத ஒன்றாக்கிக் கரும்பலகையில் எழுதும் கற்பிப்பு முறையே பாடத்தைக் கடுமையாக்குகின்றது. சைன், கோசைன், டேஞ்சண்டு என மூன்று மந்திரங்கள். அவற்றைத் தலைகீழாக்கிய வேறு மூன்று மந்திரங்கள். 0, 30, 45, 60, 90 என்னும் ஐந்து பாகைகளுக்கு ஒரு கட்டப் பட்டியல். அதன்மேல் பத்துப் பதினைந்து முற்றொருமைகள். இவை அனைத்தையும் ஒரே மூச்சில் நெட்டுருப் போடுமாறு பணித்துவிட்டு, ‘பிள்ளைகள் அஞ்சுகின்றனர்’ என்று வருந்துவதில் என்ன பொருள் இருக்கின்றது?

முதற் குற்றம் சொல்லில் தொடங்குகின்றது. ‘சைன்’ என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு, ‘எதிர்ப்பக்கத்தின் கீழ்க் கர்ணம்’ என்னும் விடை கிடைக்கின்றது. அது வகுக்கும் முறையே ஒழியச் சொல்லின் பொருள் அன்று. அச்சொல்லின் வரலாறோ நகைப்பிற்குரியது. வட்டத்தின் ஒரு வில்லையும் அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டையும் கண்ட பழைய வானியலார்க்கு, அது நாண் ஏற்றிய வில்லாகவே தோன்றிற்று. கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபட்டர் அந்த நாணின் பாதியை எடுத்து, 24 மதிப்புகள் கொண்ட பட்டியல் அமைத்தார். வடமொழியில் ‘சியா’ என்றும் ‘சீவா’ என்றும் வழங்கிய அந்த ‘நாண்’ என்னும் சொல்லை, அரபு அறிஞர் பொருள் பெயர்க்காமல் ஒலியளவில் ‘சீபா’ என எடுத்துக்கொண்டனர். மெய்யெழுத்துகளை மட்டும் எழுதும் அவர்தம் வழக்கத்தால், பின்வந்தோர் அதனைச் ‘சைபு’ என்று படித்தனர். ‘சைபு’ என்றால் அரபு மொழியில் மடிப்பு, சட்டையின் மார்பு மடி என்று பொருள். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர், மடிப்பைக் குறிக்கும் தம் சொல்லான ‘சைனசு’ என்பதை அவ்விடத்தில் இட்டனர். வில்லின் நாண், சட்டை மடிப்பாகி, இன்று தமிழ்ப் பிள்ளையின் வாயில் பொருளற்ற ஓரோசையாக நிற்கின்றது!

இதில் வியப்பு என்னவெனில், இத்துறைக்கு வேண்டிய மூன்று தமிழ்ச் சொற்களும் பிள்ளைகளுக்கு முன்னரே தெரியும் என்பதே. வட்டத்தைப் பற்றிய பாடத்தில் நாண், தொடுகோடு, வெட்டுக்கோடு ஆகிய மூன்றையும் அவர்கள் கற்கின்றனர். ‘சைன்’ என்பது அரைநாண். (இடுப்பிற் கட்டும் அரைஞாண் அன்று; நாணிற் பாதி!) ‘டேஞ்சண்டு’ என்பது ‘தொடுவது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்வழி வந்தது, அஃதாவது தொடுகோடு. ‘சீக்கண்டு’ என்பது ‘வெட்டுவது’; அஃதாவது வெட்டுக்கோடு. ‘கோ’ என்னும் முன்னொட்டு, 90 பாகைக்கு எஞ்சி நிற்கும் நிரப்புக் கோணத்தைக் குறிப்பது. எனவே ‘கோசைன்’ என்பது நிரப்புக் கோணத்தின் அரைநாண். இத்துணைத் தெளிவும் தமிழில் இருக்க, ஓரியலில் கற்ற சொல்லை மற்றோரியலில் மறைத்து வைப்பது ஏன்?

செங்கோணத்திற்கு எதிர்ப்பட்ட பக்கத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கர்ணம்’ என்கின்றது. ஈழத்துத் தமிழ்ப் பாடநூலோ ‘செம்பக்கம்’ என்கின்றது. செங்கோணத்திற்கு எதிரே இருப்பது செம்பக்கம் என்று ஒரு முறை கேட்ட பிள்ளை, எப்பக்கம் என்று பின்னர் ஒருநாளும் தடுமாறாது. உலகெங்கும் வழங்கும் குறியீடுகளைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். அதனை எவரும் மறுக்கவில்லை. பொருள் முதலில் வருக. குறி பின்னர் வருக என்பதே வேண்டுகோள். இங்கும் இனிச் செம்பக்கம் என்றே குறிக்கப்பெறும்.

சொல் விளங்கிய பின் கை விளங்க வேண்டும். அதற்குப் பள்ளித் திடலும், ஒரு முளையும், கயிறும், அளவுநாடாவும் போதும். முளையை நட்டு, 1 மீட்டர்க் கயிற்றால் சுண்ணத்தூளில் ஒரு வட்டம் இடுக. நடுவின் வழியே குறுக்காக ஓர் அடிக்கோடு வரைக. அக்கோடு வட்டத்தைத் தொடுமிடமே தொடக்கம். அங்கிருந்து அதே கயிற்றளவை நாணாக வைத்தால் 60 பாகை கிடைக்கும்; அவ்வில்லை இரண்டாக்கினால் 30; கால்வட்டத்தை இரண்டாக்கினால் 45. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பிள்ளை நிற்கட்டும். அங்கிருந்து அடிக்கோட்டிற்கு நேர்க்குத்தாக இறங்கும் கோட்டின் நீளம் எவ்வளவு என்று முதலில் கண்மதிப்பாகச் சொல்லிவிட்டுப் பின்னர் அளக்கட்டும். உண்மை அளவுக்கு நெருங்கிச் சொன்ன குழுவே வென்ற குழு.

30 பாகையில் 50 செ.மீ.; 45-இல் ஏறத்தாழ 71; 60-இல் ஏறத்தாழ 87; 90-இல் 100. அடிக்கோட்டிற்குக் கீழும் அதே அளவு நீட்டினால், வில்லும் நாணும் கண்முன் நிற்கும்; மேற்பாதியே அரைநாண். பிள்ளைகள் நெட்டுருப் போட்டு வந்த கட்டப் பட்டியல் இவ்வாறு அவர்கள் கையாலேயே பிறக்கின்றது. பட்டியல் சொல்லாத ஒன்றையும் திடல் சொல்லும்: முதல் 30 பாகையில் 50 செ.மீ. உயர்ந்த நாண், கடைசி 30 பாகையில் 13 செ.மீ. மட்டுமே உயர்கின்றது. கோணத்தை இரட்டித்தால் அரைநாணும் இரட்டிக்கும் என்னும் பொதுப்பிழை அன்றோடு ஒழியும்.

அடுத்து, நடுவிலிருந்து நேர்க்குத்தின் அடி வரை உள்ள தொலைவையும் அளக்கச் செய்க. ஓரிடத்தில் அரைநாண் 60, அடி 80 என வரின், 60-ஐ அறுபதாலும் 80-ஐ எண்பதாலும் பெருக்கிக் கூட்டுக, 10,000 வரும். அது 100-ஐ நூறால் பெருக்கிய தொகையே! எப்புள்ளியில் நின்று பார்த்தாலும் இவ்வாறே. முற்றொருமைகளுள் தலையாயதெனக் கரும்பலகையில் அச்சுறுத்தியது, பித்தாகரசுத் தேற்றமே என்று அப்போது விளங்கும்.

தொடுகோட்டிற்கும் அவ்வட்டமே போதும். தொடக்கப் புள்ளியில் வட்டத்தைத் தொட்டு நிற்குமாறு ஒரு நேர்க்கோடு இடுக. நடுவிலிருந்து செல்லும் கயிற்றை நீட்டி, அக்கோட்டை எங்கே வெட்டுகின்றது என்று காண்க. 45 பாகையில் 100 செ.மீ.; 60-இல் ஏறத்தாழ 173; 75-இல் ஏறத்தாழ 373. 89 பாகையில் என்ன ஆகும்? 57 மீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். பல பள்ளிகளில் மதிலையே தாண்டிவிடும். 90-இல் இரு கோடுகளும் சந்திப்பதே இல்லை. ‘வரையறை இல்லை’ என்று பட்டியலில் வறிதே எழுதப்பட்டிருந்த சொல்லுக்கு உயிர் வருவது இவ்விடத்திலேதான்.

மழைநாளில் திடல் இல்லையெனின் தாள் உண்டு. நாற்பக்கமும் ஒத்த ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடித்து விரித்தால் நடுவே ஒரு மடிப்புக்கோடு தெரியும். கீழ்ப்பக்கத்தின் இடமூலை அசையாதிருக்க, வலமூலையைத் தூக்கி அந்நடுக்கோட்டின்மேல் படுமாறு மடிக்கச் செய்க. தூக்கிய பக்கம் கீழ்ப்பக்கத்தோடு எத்தனை பாகைக் கோணம் செய்கின்றது? இதுவே புதிர். கோணமானி 60 என்று காட்டும். ஏன் 60? தூக்கிய பக்கம் தாளின் முழு அகலம். அதன் அடி தாளின் பாதி அகலம். முழுமைக்குப் பாதி. 60 பாகையின் கோசைன் ஏன் அரை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எந்நூலில் கிடைக்கும்? பட்டியலை உருப்போட வேண்டுமானாலும் விளையாட்டாகவே போடலாம். கோணம், அதன் படம், அதன் எண்மதிப்பு, அதன் நிரப்புக் கோணத்தின் பெயர் என நான்கு நான்காக அட்டைகள் வெட்டிக் கலைத்து, ஓரினத்தின் நான்கையும் முதலில் சேர்ப்பவர் வென்றவர் என்றால், பிள்ளைகள் உணவு இடைவேளையிலும் அச்சீட்டை விடமாட்டார்.

உயரங்களும் தொலைவுகளும் பத்தாம் வகுப்பிற்குரியவை. அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வழுக்குவது கணக்கில் அன்று; படத்தில். இறக்கக் கோணத்தை எங்கே குறிப்பது என்று அறியாமல் நிலைக்குத்துக் கோட்டினருகே குறித்துவிடுவர். பார்ப்பவனின் கண்ணுயரத்தைக் கூட்ட மறந்துவிடுவர். கருவியைக் கையில் பிடித்த பிள்ளைக்கு இவ்விரண்டு பிழையும் எளிதில் வாரா. கருவியோ காசு கேட்பதில்லை. ஒரு கோணமானி, அதன் நேர்விளிம்பில் கட்டிய ஒரு பப்பாளிக் காம்பு, நடுப்புள்ளியிலிருந்து தொங்கும் நூல், நூலின் முனையில் ஒரு கல். காம்பின் துளை வழியே தென்னையின் உச்சியைப் பார்க்கும்போது, நூல் 90-லிருந்து எத்தனை பாகை விலகுகின்றதோ அதுவே ஏற்றக் கோணம்.

முதல் ஆட்டம் எளியது. நூல் 45 பாகை விலகுமிடம் வரும் வரை பின்னோக்கி நடந்து செல்க. அங்கிருந்து மரத்தடி 10.6 மீட்டர், பார்ப்பவரின் கண்ணுயரம் 1.4 மீட்டர் எனின், மரம் 12 மீட்டர். பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. இரண்டாம் ஆட்டம் சற்று அறிவைக் கேட்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் நீர்த்தொட்டியின் அடியை நெருங்க இயலாது. ஓரிடத்தில் ஏற்றக் கோணம் 30. அதனை நோக்கி 20 மீட்டர் நடந்தபின் 60. கண்மட்டத்திற்கு மேல் தொட்டியின் உயரம் என்ன? முதலிடமும் இரண்டாமிடமும் தொட்டியின் உச்சியும் சேர்ந்த முக்கோணத்தில் இரு கோணங்கள் 30 ஆதலின், இரு பக்கங்கள் ஒத்தவை. எனவே இரண்டாமிடத்திலிருந்து உச்சி 20 மீட்டர். அதன் அரைநாண் அளவே உயரம்: ஏறத்தாழ 17.3 மீட்டர். இதனைத் தாமே கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்த ஆசிரியர், பின்னர் ஒருநாளும் விடையை முந்திச் சொல்லமாட்டார்.

மூன்றாம் ஆட்டம் பிழையைப் பற்றியது. 10 மீட்டர்த் தொலைவில் நின்று 45 பாகையில் பார்ப்பவர் 1 பாகை பிசகினால், உயரம் ஏறத்தாழ 35 செ.மீ. பிசகும், 75 பாகையில் பார்ப்பவர் அதே 1 பாகை பிசகினால், ஏறத்தாழ இரண்டரை மீட்டர் பிசகும்! எங்கே நின்று அளப்பது என்பதும் அறிவே என்று அப்போது புலனாகும்.

நிழலும் ஒரு கருவியே. சென்னையில் ஏப்பிரல் இறுதியிலும் ஆகத்துத் திங்களின் மூன்றாம் கிழமையிலுமாக ஆண்டிற்கு இருமுறை, நண்பகலில் கதிரவன் உச்சிக்கு நேராக வருகின்றது. நட்ட கோலுக்கு நிழலே இராது. பகலும் இரவும் ஒத்த நாளிலோ, நிழல் மிகக் குறுகும் நொடியில், 1 மீட்டர்க் கோலின் நிழல் சென்னையில் ஏறத்தாழ 23 செ.மீ. இருக்கும்; கன்னியாகுமரியில் ஏறத்தாழ 14 செ.மீ. மட்டுமே. நிழலைக் கோலின் நீளத்தால் வகுத்துக் கோணம் கண்டால், முன்னது 13 பாகை, பின்னது 8 பாகை. வேறுபாடு 5 பாகை. நிலப்படத்தில் இரண்டிற்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 555 கிலோமீட்டர். 5 பாகைக்கு 555 எனின், 360 பாகைக்கு 39,960. அஃதாவது, இரண்டு கோல்களைக் கொண்டு இரு பள்ளிப் பிள்ளைகள் நிலவுலகின் சுற்றளவையே அளந்துவிட்டனர்! கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிபதில் எரட்டோசுதெனீசு என்னும் கிரேக்க அறிஞர் செய்ததும் இதுவே. நிழலில் 1 செ.மீ. பிசகினாலும் விடையில் பத்தில் ஒரு பங்கு பிசகும். ஆதலின் கோலைத் தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாக நிறுத்துதல் வேண்டும்.

தூக்குக்குண்டு என்றவுடன் கொத்தனார் நினைவிற்கு வருகின்றார். அவரைப் பள்ளிக்கு அழைத்தல் இழுக்கு அன்று. கட்டடத்தின் மூலையைச் செங்கோணமாக்க 3, 4, 5 என அவர் நூல்பிடிப்பதை நேரில் காணும் பிள்ளை, தேற்றத்தை மறவாது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காகக் கட்டப்படும் சாய்தளம், 1 அடி உயர 12 அடி நீள வேண்டும் என்பது நெறி. அதன் சாய்வு 5 பாகைக்கும் குறைவு. தம் பள்ளியின் சாய்தளம் அந்நெறிக்கு உட்பட்டதா என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். நெறி பிறழ்ந்திருப்பின், அளவோடு தலைமையாசிரியரிடம் முறையிடட்டும். கணக்கு அறத்திற்கும் கருவியாகும் என்பதை அதைவிட நன்கு எவ்வாறு கற்பிப்பது?

தமிழர் மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கப்படும் பழங்கணக்கு ஒன்றையும் இவ்வாறே பிள்ளைகள் கையில் தருக. செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களுள் நெடியதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறியதில் அரையைக் கூட்டினால் செம்பக்கம் வரும் என்பது அவ்வழி. இருமடியும் மூலமும் இன்றியே விடை வருகின்றது; ஆதலின் பித்தாகரசையும் விஞ்சியது என்று பேசிக் கைதட்டல் பெறுவோர் உளர். பிள்ளைகள் கைதட்டாமல் அளந்து பார்க்கட்டும். 4, 3 எனின் 5 வருகின்றது, செவ்வை. 12, 5 எனின் 13, அதுவும் செவ்வை. 15, 8 எனின் 17 வர வேண்டும்; வருவதோ 17.125. 24, 7 எனின் 25 வர வேண்டும், வருவது 24.5. 10, 10 எனின் ஏறத்தாழ 14.14 வர வேண்டும்; வருவது 13.75. மேனிலை வகுப்புப் பிள்ளைகள் கோணத்தை வைத்து ஆராயட்டும். 3-4-5, 5-12-13 ஆகிய இரண்டு வடிவங்களில் மட்டுமே அவ்வழி துல்லியம் என்பதும், அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாய்வுகளில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகாது என்பதும், அவற்றிற்கு வெளியே பிசகு வளர்கின்றது என்பதும் புலப்படும். கூரை வேய்வதற்கும் சுவர் எழுப்புவதற்கும் போதுமான ஒரு கைவினைஞர் வழி அது, தேற்றம் அன்று. முன்னோரைப் பொய்யால் உயர்த்த வேண்டியதில்லை. அவர் செய்தது என்ன, எவ்வளவு, எதற்காக என்று அளந்து அறிவதே அவர்க்குச் செய்யும் மதிப்பு. அளக்கத் தெரியாத பெருமிதம் பகைவன் ஒரு வினா கேட்டவுடன் உதிர்ந்துவிடும்.

அளத்தலின் ஆற்றலைத் தமிழ்மண் முன்னரே கண்டிருக்கின்றது. ஆனால் பிறர் கையில் கண்டது. 1799-ஆம் ஆண்டில் மைசூர் வீழ்ந்தபின், பிரித்தானியப் படையின் அலுவலர் வில்லியம் இலாம்டன், 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அவ்வொரு பக்கத்தை அளந்துகொண்டு, பின்னர் மலையுச்சியிலும் கோபுரத்திலும் ஏறிக் கோணங்களை மட்டும் பார்த்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாட்டையே அளந்தனர். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அவர்தம் கோணக் கருவி, 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றப்படும்போது கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. இலாம்டன் பல கிழமைகள் இருந்து தாமே அதனைச் செப்பனிட்டார். அவ்வளவையின் தொடர்ச்சியாகவே, வங்கத்துத் தலைமைக் கணக்கர் இராதாநாத் சிக்தாரின் கணக்கீட்டின் துணையால், எவரும் ஏறாத எவரெசுட்டு முகட்டின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது. 2020-இல் அறிவிக்கப்பட்ட அளவாகிய 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு ஏறத்தாழ 30 அடியே!

பரங்கிமலையின் அடியில் வாழ்ந்த தமிழர் அன்று சங்கிலி சுமந்தனர். கணக்கு அறிந்தவர் நாட்டை அளந்தனர். அளந்தவர் வரி விதித்து ஆண்டனர். இன்றைய பிள்ளைகள் சங்கிலியைச் சுமப்பவராக அல்லாமல் கோணத்தைப் பார்ப்பவராக வளர வேண்டும் என்பதற்காகவே இத்துணை வலியுறுத்தல். அதே விளையாட்டைப் பள்ளித் திடலிலும் ஆடலாம். 20 மீட்டர் அடிக்கோடு ஒன்றை இட்டு, அதன் இரு முனைகளினின்றும் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தை நோக்கிய கோணங்களை அளந்து, அங்குச் செல்லாமலே தொலைவைக் காணட்டும்.

இவற்றையெல்லாம் கேட்கும் ஆசிரியர் சிலர் மூன்று தடைகளைக் கூறுவர். பாடப்பகுதி முடியாது என்பது முதல் தடை. மேற்கூறிய ஆட்டங்கள் அனைத்தும் சேர்ந்து ஏழெட்டுப் பாடவேளைகளுக்கு மேல் கொள்ளா. விளங்காத பாடத்தை ஆண்டிறுதியில் மும்முறை திருப்புவதற்கு ஆகும் பொழுதை எவர் கணக்கிடுகின்றனர்? வகுப்பில் ஐம்பது பேர் என்பது இரண்டாம் தடை. ஐவர் ஐவராகப் பத்துக் குழுக்கள் அமைக்க. ஒருவர் கருவி பிடிக்க, ஒருவர் பாகை படிக்க, ஒருவர் தொலைவு அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் கணக்கிட, ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பணி மாறட்டும். பெண்பிள்ளைகளை எழுதும் பணியிலேயே நிறுத்தி ஆண்பிள்ளைகள் கருவியைப் பற்றிக்கொள்ளும் வழக்கத்தை ஆசிரியர் கண்ணுங் கருத்துமாக ஒழிக்க வேண்டும். தேர்வில் விளையாட்டிற்கு மதிப்பெண் இல்லை என்பது மூன்றாம் தடை. உண்மையே; ஆனால் படத்தைச் செவ்வையாக வரைவோர்க்கு மதிப்பெண் உண்டு. அப்படத்தைக் கையால் அறிந்த பிள்ளை கலங்காது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். விளையாட்டோடு நின்றுவிட்டால் அது பொழுதுபோக்கே, கல்வி ஆகாது. 45 பாகையில் ஒரு குழு 70 என்றும், ஒரு குழு 71 என்றும், ஒரு குழு 72 என்றும் கூறும். எது உண்மை? மேலும் நுண்ணிதாக அளந்தால் மட்டும் அவ்வினா தீர்ந்துவிடுமா? தீராது. அளவு எத்துணை நுண்ணியதாயினும் ஐயத்தின் ஓரிழை எஞ்சும். அவ்விழையை அறுப்பது நிறுவல் ஒன்றே. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ‘ஏன்?’ என்னும் வினா எழ வேண்டும்; பிள்ளைகள் திடலினின்று கரும்பலகைக்குத் தாமே விரும்பித் திரும்ப வேண்டும். கை கேட்ட வினாவிற்குக் கருத்து விடை சொல்வதே கணக்கு.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கணக்காசிரியரோடு அமர்ந்து, பாடத்தின் ஒவ்வொரு சொல்லும் பிள்ளையின் கண்முன் எதனை நிறுத்துகின்றது என்று ஆராய்வதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அரைநாண், தொடுகோடு, வெட்டுக்கோடு, செம்பக்கம் ஆகிய நான்கு சொற்களையும் நான்கு படங்களோடு வகுப்பறைச் சுவரில் எழுதி வைத்தால், தமிழில் அறிவியல் கற்பிக்க இயலாது என்போர்க்கு அச்சுவரே விடை சொல்லும்.

ஆசிரியர் பெருமக்களே! அரசாணையை எதிர்நோக்க வேண்டியதில்லை, பொருளுதவியும் வேண்டியதில்லை. மார்ச்சுத் திங்கள் 20, 21 நாள்களிலும், செப்தம்பர்த் திங்கள் 22, 23 நாள்களிலும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்து வருகின்றன. வடக்கே ஒரு பள்ளியும் தெற்கே ஒரு பள்ளியும் முன்னரே கலந்துகொண்டு, ஆளுக்கொரு கோல் நடுக. நண்பகலில் நிழலை அளந்து, அளவை ஒருவருக்கொருவர் தெரிவிக்க. அன்று மாலைக்குள் நிலவுலகின் சுற்றளவைப் பிள்ளைகள் தம் கையால் எழுதட்டும். அவ்வெண்ணைத் தானே கண்ட பிள்ளை ‘எனக்குக் கணக்கு வாராது’ என்று பின்னர் எவரிடமும் சொல்லாது.